தோட்டத்துத் துரையின் ஹீட்டர்

கார் செங்கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே, "வண்டியத் திருப்புங்க" என்று பின்சீட்டிலிருந்து நர்ஸ் ஹாஜரா பீவி சொன்னாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

முன்சீட்டிலிருந்து ஞானசம்பந்தம் திரும்பிப் பார்த்தான். நர்ஸின் மடியில் பஞ்சும் கம்பளியும் சுற்றிய பொதிக்குள் அவன் மகள் கிடந்தாள். பொதியை விலக்கி ஒரு பாதத்தை மட்டும் நர்ஸ் காட்டினாள். பெரியவர்களின் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. விடியும்போது சிவப்பாக இருந்த பாதம், இப்போது நாவல்பழக் கறை பட்டதுபோல் இருந்தது.

"வெந்நீர்ப் பாட்டில் ரெண்டும் ஆறிப்போச்சு. கதவு இடுக்கெல்லாம் ஊதக்காத்து வருது. இப்படியே மலை ஏறினா பிள்ளை தாங்காது."

வண்டியை ஓட்டிய குத்தாலிங்கம், சேற்றில் சக்கரம் வழுக்க, காரைத் திருப்பிக் குற்றாலத்தைப் பார்த்து விரட்டினார்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம். அருவிகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. விடுதிகளில் இடமில்லாமல் ஜனங்கள் கடை வாசல்களில் ஒண்டி நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போன கறுப்புக் காருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஞானசம்பந்தம் வாசுதேவநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். அவன் மனைவி நாச்சியாரின் கூடப்பிறந்த அண்ணன் குத்தாலிங்கம். தென்காசியில் வயலும் தோப்பும், குற்றாலத்தில் ஒரு வீடும் உள்ளவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாச்சியாருக்கு வாசுதேவநல்லூரில் முதல் பிரசவம் நடந்தது. ஆண் பிள்ளை, பிறந்த அன்றைக்கே போய்விட்டது. கேள்விப்பட்டு ஓடி வந்த குத்தாலிங்கம், முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், "ஒரு டாக்டரக் கூப்பிடத் துப்பில்ல, பிள்ளையக் கொன்னுட்டு நிக்கேரு" என்று சொன்னார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. இந்தத் தடவை ஆறாம் மாதமே தங்கையை அவர் தன் குற்றாலத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஞானசம்பந்தமும் மறுக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து, மைத்துனர் இருக்கும் அறைக்குள் போகாமல் மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

ஏழாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. விடியும் முன் குழந்தை பிறந்தது. தென்காசியிலிருந்து நர்ஸோடு வந்த டாக்டர் குழந்தையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இத இங்கன வச்சிக் காப்பாத்த முடியாது. திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுல வச்சாப் பொழைக்கும். போற வரைக்கும் ஒடம்புச் சூடு கொறையக் கூடாது" என்றார். மலையில் மண் சரிந்து ரயில் நின்றிருந்தது. ரோடு மட்டும் திறந்திருந்தது. நாச்சியாருக்கு ரத்தம் அதிகம் போயிருந்ததால் அவளை அசைக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஹாஜரா பீவி குழந்தையைக் கொண்டுபோய் நாச்சியாரின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினாள். வெளுத்துப்போய்க் கிடந்த நாச்சியார் கண்ணைத் திறந்து, "ஏன் திரும்பி வந்துட்டீக?" என்று கேட்டாள்.

வெளியே வந்த நர்ஸ், "இவ்வளவு பெரிய சீமை வண்டியில சூடு வைக்க ஒண்ணும் கெடையாதா?" என்றாள்.

ஞானசம்பந்தத்துக்கு முழங்கால் நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டியில் அவன் கால் இடித்துக்கொண்டே வந்தது. குத்தாலிங்கத்தின் மனைவி பிச்சம்மாளிடம் திரும்பினான்.

"அக்கா, அந்தப் பெட்டி என்னதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

குத்தாலிங்கம் மூன்றடி தள்ளித்தான் நின்றார். அவரும் மனைவியைப் பார்த்தே சொன்னார். "அது ஹீட்டருன்னு சொல்லு. தேயிலைத் தோட்டத்துத் துரை மாட்டினது. அவன் சீமைக்குப் போகையில வண்டிய எங்கிட்டக் குடுத்தான். தென்காசி வெயிலுக்கு ஹீட்டர் என்னத்துக்கு? நான் தொட்டதே இல்ல."

ஞானசம்பந்தம் மழையில் இறங்கிக் காருக்குள் போய் உட்கார்ந்து, பெட்டிக்கு அருகிலிருந்த சுவிட்சைத் திருகினான். உள்ளே காற்றாடி முனகிக்கொண்டு சுற்றியது. கையை நீட்டிப் பார்த்தான். குளிர்ந்த காற்று வந்தது. இன்ஜின் இவ்வளவு தூரம் ஓடியும் ஏன் இப்படி?

பானெட்டைத் திறந்தான். பெட்டிக்குப் போகும் ரப்பர்க் குழாய்கள் இரண்டு. இன்ஜினுக்குள் சுற்றும் வெந்நீர் ஒன்றின் வழியாகப் பெட்டிக்குள் போய், மற்றொன்றின் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தச் சூட்டைத்தான் காற்றாடி ஊதித் தள்ளும். விஷயம் அவ்வளவுதான் என்று பார்த்தவுடனே அவனுக்குப் புரிந்தது. இரண்டு குழாய்களையும் தொட்டான். இரண்டுமே சில்லென்று இருந்தன. ரேடியேட்டரைத் தொட்டான். அதுவும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"அக்கா, இன்ஜினே சூடாகலையே. தெர்மோஸ்டாட் இருக்கான்னு கேளுங்க."

பிச்சம்மாள் கேட்பதற்குள் குத்தாலிங்கமே பதில் சொல்லிவிட்டார். ஆனாலும் முகம் வேறு பக்கம்தான். "போன சித்திரையில வண்டி கொதிக்குதுன்னு மெக்கானிக்கு அதக் கழட்டித் தூரப் போட்டுட்டான்."

அப்படியானால், சூடாகும்வரை தடுத்து நிறுத்த அந்த வால்வு இல்லாமல், தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடி ஓடி ஆறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சாரலில் கேட்கவே வேண்டாம். ஞானசம்பந்தம் அடுப்படியிலிருந்து ஒரு சாக்கை எடுத்துவந்து, ரேடியேட்டரின் முகத்தில் முக்கால் பங்கை மறைத்துக் கட்டினான். குத்தாலிங்கம் இன்ஜினைக் கிளப்பிவிட்டு இறங்கி வந்தார். மெல்ல மெல்ல இன்ஜினில் சூடு ஏறியது. ரப்பர்க் குழாய்கள் மட்டும் அப்படியே குளிர்ந்து கிடந்தன.

இன்ஜின் தலையில், குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருந்தது. யாரோ எப்போதோ அதை இறுக மூடியிருந்தார்கள். அது பச்சைக் களிம்பு பூத்து இறுகிக் கிடந்தது. விரலால் திருகிப் பார்த்தான், அசையவில்லை. குறடு ஒன்றைக் கையில் எடுத்தான்.

குத்தாலிங்கத்தின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒடஞ்சா?"

மூன்று வருஷத்தில் அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் சொல் அது.

ஞானசம்பந்தம் நிமிர்ந்து பார்த்தான். மைத்துனரின் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது நியாயம்தான். அந்தத் திருகு ஒடிந்தால் இன்ஜின் தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாகக் கொட்டிவிடும். ஹீட்டர் கிடக்கட்டும், வண்டியே நகராது. சீசன் நெரிசலில் இன்னொரு கார் பிடிக்க இன்னும் எவ்வளவு நேரமாகுமோ?

"ஒடஞ்சா ஒண்ணுமில்லாமப் போயிரும்" என்றான். "திருகலைன்னாலும் அதே கததான், அத்தான்."

குத்தாலிங்கம் கையை எடுக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. குழந்தை அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது. கடைசியில் அவர், "மண்ணெண்ணெய் விட்டு ஊற வையுங்க. நான் புடிச்சிக்கிடுதேன், நீங்க திருகுங்க" என்றார்.

திருகின் அடியை அவர் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டார். மண்ணெண்ணெய் ஊறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு பானெட்டுக்குக் கீழே குனிந்து நின்றார்கள். பிறகு ஞானசம்பந்தம் குறட்டால் பிடித்து, திறக்கும் பக்கம் திருகாமல், முதலில் மூடும் பக்கமே ஒரு மயிரிழை அழுத்தினான். 'கிறீச்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்தான். தண்ணீர் ஒன்றும் பீய்ச்சவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பினான். திருகு சுற்றியது.

"வந்துட்டு" என்றார் குத்தாலிங்கம்.

ஒரு குழாய் சூடாயிற்று. மற்றது ஆகவில்லை. போன தண்ணீர் திரும்பவில்லை என்றால் பெட்டிக்குள் அடைப்பு. கிளிப்புகளைத் தளர்த்தி இரண்டு குழாய்களையும் கழற்றினார்கள். கொதிக்கும் தண்ணீர் ஞானசம்பந்தத்தின் புறங்கையில் தெறித்தது. அவன் கையை உதறிவிட்டு, திரும்பும் குழாயின் வாயில் புனலை வைத்து வாளித் தண்ணீரை ஊற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. குத்தாலிங்கம் அவனை ஒதுக்கிவிட்டு, குழாயை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். ஊதி ஊதிக் கண் சிவந்தது. திடீரென்று மறுமுனையிலிருந்து செம்மண் குழம்புபோல் துரு கொட்டியது. வாளி வாளியாக ஊற்றித் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினார்கள்.

குழாய்களைத் திரும்ப மாட்டியும் பெட்டி சூடாகவில்லை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும் என்றான் ஞானசம்பந்தம். வீட்டு வாசல் சரிவில் காரின் முன்பக்கம் மேலே இருக்கும்படி ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார்கள். தண்ணீர் குபுக் குபுக்கென்று குமிழி விட்டு இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடித்தது. குமிழிகள் நின்றபோது ஞானசம்பந்தம் உள்ளே கையை நீட்டினான். உள்ளங்கையில் வெயில் பட்டதுபோல் சூடு வந்து மோதியது.

"அத்தான்! வருது, வருது!"

குத்தாலிங்கம் வீட்டுக்குள் ஓடினார். குழந்தையோடு நர்ஸைக் கூட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வரும்போது, ஞானசம்பந்தம் காருக்குள்ளிருந்து இறங்கி, கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஏறக் கூடாது."

"என்னது?"

"உள்ள புகை நாத்தம் வருது."

"கெடந்த தூசி கருகுதாருக்கும். வழிய விடுங்க. பிள்ள மொகத்தப் பாருங்க!"

"தூசின்னா வேற மாதிரி நாறும். இது இன்ஜின் புகை. எங்கனயோ கசியுது. கண்ணாடிய எல்லாம் ஏத்திட்டு இந்தப் புகையில அவ்வளவு தூரம் போனா, நமக்குத் தலைவலியோட போகும். அவளுக்கு..."

குத்தாலிங்கத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஒம்ம பிடிவாதத்தால இன்னொரு பிள்ள போகணுமாவே?"

பிச்சம்மாள், "என்னங்க!" என்று கத்தினாள். ஹாஜரா பீவி குழந்தையின் வாய்க்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அம்மா நெஞ்சில கெடந்து இப்பக் கொஞ்சம் நெறம் வந்திருக்கு. இன்னும் சித்த நேரம் தாங்கும். சீக்கிரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் முற்றத்தில் ஞானசம்பந்தம் கேட்ட அதே சொல். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் பதில் சொல்ல நேரமில்லை. தரையில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் இறங்கும் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. ஒரு நட்டு தளர்ந்து ஆடியது. அதற்கு நேர் மேலே, ஹீட்டர்க் குழாய்கள் உள்ளே நுழையும் தகட்டில், எப்போதோ கழன்றுபோன ஒரு ஆணியின் ஓட்டை. கசிகிற புகையைக் காற்றாடி அந்த வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"ஸ்பேனர்" என்று கையை நீட்டினான். ஸ்பேனர் வந்தது. கூடவே ஒரு ஈரச்சாக்கும் வந்தது. குத்தாலிங்கமும் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பழுக்கக் காய்ந்த குழாயில் ஈரச்சாக்கு பட்டுப் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. முறை வைத்து நட்டுகளை இறுக்கினார்கள். ஓட்டைக்கும் குழாய் இடுக்குகளுக்கும் சலவைச் சோப்பைப் பிசைந்து அப்பி, மேலே ஒரு டப்பாத் தகட்டை வைத்துக் கம்பியால் கட்டினார்கள்.

"இப்பப் போலாமா?"

"பாத்துட்டுத்தான் போகணும்" என்று ஞானசம்பந்தம் காருக்குள் ஏறினான். கண்ணாடிகளை ஏற்றினான். இன்ஜின் ஓடியது, ஹீட்டர் ஊதியது. அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்தது. குத்தாலிங்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"நீங்க எதுக்கு? ஒரு ஆள் போதும்."

"நீங்க மயங்கிக் கெடந்தா யாரு பாக்க?"

ஈரச்சட்டைகளிலிருந்து ஆவி எழும்பிக் கண்ணாடிகளை மூடியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சோப்பு வாசனையும் வேர்வை வாடையும் மட்டும்தான். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"அன்னிக்கு டாக்டரக் கூப்பிட நான் சைக்கிள்ல புளியங்குடி வரைக்கும் போனேன்" என்றான் ஞானசம்பந்தம். கண்ணைத் திறக்கவில்லை. "டாக்டர் ஊர்ல இல்ல. திரும்பி வரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

குத்தாலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நாச்சியா அன்னைக்கே எங்கிட்டச் சொன்னா" என்றார்.

"தெரிஞ்சுமா இவ்வளவு நாளும்?"

"தெரிஞ்சதும் வந்திருக்கணும். எப்படி வரதுன்னு தெரியல." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டு, "தலை கனக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. ஒங்களுக்கு?"

"இல்ல. பொகையும் இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தார்கள்.

புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது மழை வலுத்துவிட்டது. பின்சீட்டுக் கண்ணாடி ஒன்றை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி வைத்திருந்தார்கள். ஹாஜரா பீவி குழந்தையைத் தன் சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான காற்று தன் மேல் படும்படி குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தில் இன்ஜின் முக்கியது. ஞானசம்பந்தத்தின் கண் சூடு காட்டும் முள்ளைவிட்டு அகலவில்லை. முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

"சாக்க எடுக்கணும், நிறுத்துங்க."

இறங்கி, கொட்டும் மழையில் சாக்கைப் பாதி விலக்கிக் கட்டிவிட்டு ஏறினான். முள் இறங்கியது. அடுத்த வளைவில் மறுபடி ஏறியது. மறுபடி இறங்கினான். சாக்கை மொத்தமாக எடுத்தால் ஹீட்டர் ஆறிவிடும், எடுக்காவிட்டால் இன்ஜின் கொதித்துவிடும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு சாண் இடத்தைத் தேடிக்கொண்டு மலை முழுக்க ஏறினார்கள்.

ஆரியங்காவுக்கு முன்னால் ஒரு வளைவில் ஹாஜரா பீவி, "நிறுத்துங்க, பிள்ள மூச்சு விடல" என்றாள்.

குத்தாலிங்கம் பிரேக்கை மிதித்தார். கார் ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு நின்றது. இருவருடைய கைகளும் கண்ணாடியை இறக்கப் போய்விட்டன. புகையா? இறக்கினால் இத்தனை சூடும் ஒரு நொடியில் போய்விடும். ஞானசம்பந்தம் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"நர்ஸம்மா, ஒங்களுக்குத் தலை சுத்துதா? கண்ணு எரியுதா?"

அவள் குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். முதுகைத் தேய்த்துவிட்டாள். குத்தாலிங்கம் சத்தமில்லாமல் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சுண்டியதும், பூனைக்குட்டி முனகியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் செய்யல. இது புகை இல்ல. கொறமாசப் பிள்ளைகளுக்கு அப்பப்ப மூச்சு மறந்துபோகும். நான் பாத்துக்கிடுதேன், கண்ணாடிய எறக்காதீங்க, போங்க" என்றாள்.

மலையின் மறுபக்கம் இறக்கத்தில் இன்ஜின் ஆறத் தொடங்கியது. இப்போது சாக்கை முழுக்க மூடிக் கட்ட வேண்டியிருந்தது. தென்மலை, குளத்துப்புழை என்று ஊர்கள் மழைக்குள் வந்து போயின. இன்னும் இரண்டு தடவை குழந்தை மூச்சை மறந்தது. இரண்டு தடவையும் ஹாஜரா பீவி அதற்கு நினைவுபடுத்தினாள். அவள் விரல் சுண்டும் சத்தத்துக்கு மட்டும் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சிஸ்டர் ஓடி வந்து பொதியை வாங்கினாள். முதல் வேலையாகக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். "குஞ்ஞினு நல்ல சூடுண்டல்லோ!" என்று, பிள்ளை உடம்பு நல்ல சூடாக இருக்கிறதே என மலையாளத்தில் ஆச்சரியப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஞானசம்பந்தம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் புறங்கையில் கொப்புளம் எரிவது தெரிந்தது. குத்தாலிங்கம் எங்கிருந்தோ இரண்டு கிளாஸில் சாயா வாங்கிவந்து ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

"மாப்பிள்ள, நான் இப்பமே திரும்பிருதேன். நாச்சியா ஒண்ணும் தெரியாமக் கெடப்பா. எந்திரிச்சி உக்காரத் தேறினதும் அவளக் கூட்டிட்டு வாரேன்."

"மழையில தனியாவா? காலையில போலாம், அத்தான்."

"முடியாது. அவகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்" என்றார். போன தடவை முற்றத்தில் சொன்ன சொல்லுக்குப் பதிலாக இந்தச் சேதியை அவரே கொண்டுபோக நினைக்கிறார் என்று ஞானசம்பந்தத்துக்குப் பட்டது. அவன் அதற்குமேல் தடுக்கவில்லை.

அந்த ராத்திரி முழுக்க அவன் வராந்தாவில் விழித்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு அடுத்த பத்து நாளும் சோதனைதான். ஒரு தடவை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பிறகு என்னமோ தேறிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் நாச்சியார் வந்து சேர்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகள் அசைவதையெல்லாம் ஒன்று விடாமல் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் வைக்கும் அன்றைக்கு வாசுதேவநல்லூர் வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். குத்தாலிங்கம் குற்றாலத்து அம்மன் பெயரையே, குழல்வாய்மொழி என்று வைக்கவேண்டும் என்றார். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் எழுத ரொம்ப நீளம் என்று ஞானசம்பந்தம் ஆட்சேபித்தான். இருவருக்கும் அதிலே ஒரு சின்ன வாக்குவாதம் வந்துவிட்டது. நாச்சியார் இரண்டு பேரையும் அதட்டி, தானே குழந்தையின் காதில் குனிந்து அண்ணன் சொன்ன அந்தப் பெயரையே மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டாள்.